இரண்டாம் முறை மாட்டியது

விஜயதசமியன்று காலை ஆறே காலுக்கு இந்திராணி பூஜை அலமாரியின் முன் குனிந்து, நட்டு இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுக்கப் போனாள்.

"இரு. கற்பூரம் காட்டிடறேன்," என்றார் கணவர் பூவராகவன்.

"காட்டுங்க. நிக்கிறேன்."

அவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருந்தார். ஆயுத பூஜைக்கு வைத்த எதையும் மறுநாள் காலைப் பூஜை முடியாமல் தொடக் கூடாது. அந்த வீட்டில் இதற்கு விலக்கு கிடையாது. இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை, மிக்ஸி, மகள் ஷ்ரேயாவின் லேப்டாப், இந்திராணியின் ஸ்பேனர் பெட்டி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. நேற்று முழுக்க அவள் ஒரு நட்டைத் தொடவில்லை. வண்டி வேலைக்குக் கையில் இருந்ததே கொஞ்சம் நாட்கள். அதில் ஒன்றைச் சாமிக்குக் கொடுத்திருந்தாள். முணுமுணுக்கவில்லை.

கற்பூரம் அணைந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு ரெஞ்சையும் பெட்டியையும் தூக்கினாள். கைப்பிடியில் காய்ந்த சந்தனத்தைத் துப்பட்டாவில் துடைத்தபடியே வெளியே வந்தாள்.

டெல்லி ஜனக்புரியின் டிடிஏ குடியிருப்பில் அவர்களுடையது தரைத்தள வீடு. சுற்றுச்சுவரை ஒட்டி வண்டி நின்றது. சாம்பல் நிறம், இரண்டே இருக்கை, துணிக் கூரை. ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். சாணக்கியபுரியில் ஏதோ ஒரு தூதரகத்துக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. ஓடாத வண்டி என்பதால் ஏலத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. இந்திராணி கேட்டாள். பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவு மேலாளர் அவள். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் அவள் கைபட்டவை. வண்டி ஓடியது. ஆனால் சிக்னலில் நின்றால் எஞ்சின் ஏறும், இறங்கும், அணையும். இன்டேக் மேனிஃபோல்டில் கோளாறு.

மேனிஃபோல்ட் என்பது நான்கு குழாய்கள் சேர்ந்த கறுப்பு பிளாஸ்டிக் கூடு. வெளிக்காற்றை நான்காகப் பிரித்து எஞ்சினின் நான்கு வாய்களுக்குள் அனுப்பும். அது எஞ்சினோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் காய்ந்து சுருங்கியிருந்தன. அளந்து கொடுக்க வேண்டிய காற்று, இடுக்கில் திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டிருந்தது. போன வாரம் கூட்டைக் கழற்றினாள். புது வளையங்கள் வந்துவிட்டன. இனி மாட்ட வேண்டும்.

பதினைந்து வருஷமான பெட்ரோல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது. இந்த வண்டிக்கு இன்றோடு பதினைந்து முடிகிறது. இந்திராணிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருந்தது. வண்டியை அங்கே பதிவு செய்துகொள்ள அனுமதியும் வாங்கிவிட்டாள். இன்றைக்குள் அது டெல்லியைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

"டிரக்ல ஏத்தி அனுப்பிடும்மா. சிம்பிள்," என்று ஷ்ரேயா சொல்லிப் பார்த்தாள்.

"ஓடுனா அது கார். ஓடலன்னா இரும்பு. இரும்ப எதுக்குக் கோயம்புத்தூர் வரைக்கும் சுமக்கணும்?"

அதோடு நிற்கவில்லை. பழைய வண்டிகளை வாங்கி உடைக்கும் கபாடிக்காரருக்கு அவளே போன் செய்து, அதற்குள் ஓடாவிட்டால் எடுத்துப்போக விஜயதசமி மதியம் வரச் சொன்னாள். பூவராகவன் பக்கத்தில் இருந்து கேட்டார். அவள் தனக்குத் தானே கெடு வைத்துக்கொள்கிறவள். தவறினால், செய்த போனை ரத்து செய்கிறவள் அல்ல.

பானெட்டைத் திறந்தாள். எஞ்சினின் நான்கு வாய்களிலும் தூசி போகாமல் அவள் ஒட்டியிருந்த நீல டேப் அப்படியே இருந்தது. உரித்தாள். மேனிஃபோல்டின் பள்ளங்களில் புது வளையங்களை அழுத்தி உட்காரவைத்தாள். கூட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஒயர்களுக்கும் குழாய்களுக்கும் நடுவில் சாய்த்து இறக்கினாள். அதற்கு ஒரு கோணம்தான் உண்டு. மற்ற எல்லாக் கோணங்களிலும் எதிலாவது முட்டும். மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது.

போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் திருகினாள். அடியில் இருக்கும் ஒரு நட்டுக்குக் கண் போகாது, கை மட்டும் போகும். தோள்பட்டை வரை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் மரையைத் தேடினாள். பிடித்தது. பிறகு டார்க் ரெஞ்ச். நடுவிலிருந்து தொடங்கி, இப்படி ஒன்று அப்படி ஒன்று என்று ஓரத்துக்கு வர வேண்டும். ஒரு பக்கமே இறுக்கினால் பிளாஸ்டிக் வளையும். போதுமான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொடுக்கும். அதற்கு மேல் ஒரு இழை போனாலும் விரிசல்தான்.

டக். டக். டக்.

பூவராகவன் டீ கொண்டுவந்தார். டம்ளரைச் சுவரின் மேல் வைத்தார்.

"ஆயிடுச்சா?"

"ஆவுது."

"நேத்து ஒரு நாளு போச்சேன்னு எனக்குத்தான் சங்கடமா இருந்துச்சு."

"பரவால்ல. வழக்கம்னா வழக்கந்தான்."

அவர் நிம்மதியாக உள்ளே போனார். இந்திராணி ஒயர்களை ஒவ்வொன்றாகச் சொருகினாள். கடைசிக் குழாயை மாட்டும்போது கிளிப் கைநழுவி உள்ளே விழுந்தது. டார்ச் அடித்துத் தேடினாள். எஞ்சினின் ஓரத்தில், மேனிஃபோல்டுக்குக் கீழே, கிளிப் கிடந்தது. அதன் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்று.

இடுக்கியால் எடுத்தாள். மஞ்சள் தடவிய அரிசி.

உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். பிறகு கூப்பிட்டாள்.

"ஏங்க. இங்க வாங்க."

அவர் வந்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"அட்சதை," என்றார்.

"அட்சதைன்னு தெரியுது. எஞ்சின்கிட்ட எப்படி வந்துச்சு?"

"நேத்து நீ குளிக்கப் போயிருந்தப்ப வண்டிக்கும் பூஜை பண்ணேன். அதுவும் ஆயுதந்தான?"

"அட்சதய எங்க போட்டீங்க? மேலயா?"

பூவராகவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு எடத்துல நீல டேப் ஒட்டியிருந்தியே. அத எடுத்துட்டுப் போட்டேன். டேப்பு மேல போட்டா ஆசீர்வாதம் டேப்புக்குத்தான போவும்."

"எடுத்துட்டு?"

"திருப்பி ஒட்டிட்டேன். எப்படி இருந்துச்சோ அப்படியே."

அது உண்மை. தணிக்கைத் துறைக்காரர். எதையும் எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைப்பார். காலையில் டேப்பின் ஓரம்கூட நெளிந்திருக்கவில்லை. தான் ஒட்டிய டேப்பைச் சந்தேகப்பட இந்திராணிக்குத் தோன்றவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் மேனிஃபோல்டை ஏற்றியது அவள்தான்.

ஷ்ரேயா பல் தேய்த்தபடி வாசலுக்கு வந்திருந்தாள். "அம்மா, மேரே பாஸ் வீடியோ ஹை. என்கிட்ட இருக்கு, ரீல் போட எடுத்தேன்," என்றாள் நுரையோடு. "அப்பா ஒவ்வொரு ஹோல்லயும் போட்டாங்க. நல்லா போட்டாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் பூவராகவன்.

இந்திராணி போனை வாங்கிப் பார்த்தாள். வேட்டி கட்டிய பூவராகவன் திறந்த எஞ்சினின் முன் நிற்கிறார். ஒரு டேப்பை நகத்தால் மெல்ல உரிக்கிறார். கிழியாமல் இருக்க அவ்வளவு கவனம். விரல் நுனியில் அரிசியை எடுத்துக் கண்ணை மூடுகிறார். உதடு அசைகிறது. ஒலியைக் கூட்டினாள். "நல்லபடியா ஓடணும். எந்தக் கொறையும் இல்லாம அவ நல்லபடியாப் போய்ச் சேரணும்." அரிசி வாய்க்குள் விழுகிறது. அடுத்த டேப். அதே வேண்டுதல். அடுத்தது. எந்த வாயையும் அவர் விட்டுவைக்கவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் நேரம் போகும்.

"எரிஞ்சுடாதா உள்ள?" என்றார் பூவராகவன், தாழ்ந்த குரலில்.

"எரியலாம். எரியாம வால்வு மூடற எடத்துல ஒண்ணு ஒட்டிக்கலாம். வால்வு சரியா மூடலன்னா அந்த சிலிண்டர் போச்சு. இங்க நல்லாத்தான் கிளம்பும். நாக்பூர் தாண்டிப் படுத்துக்கும்."

தெருவில் ஹாரன் கேட்டது. கபாடிக்காரரின் டெம்போ, பின்புறம் கொக்கியும் சங்கிலியுமாக, சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. இறங்கியவர் கும்பிட்டார். அவரோடு பேச்செல்லாம் ஹிந்தியில்தான்; அவளுக்கு அவர் 'பையா', அண்ணன்.

"மதியம்னு சொன்னேனே, பையா."

"தசரா இல்லியா மேடம். சாயங்காலம் பசங்களுக்கு ராவணனை எரிக்கிறதக் காட்டணும். லேட்டானா கூட்டத்துல தலைங்கதான் தெரியும், ராவணன் தெரிய மாட்டான். ஜல்தி முடிச்சிட்டா எல்லாருக்கும் நல்லது."

ஷ்ரேயா அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க முயன்றார்.

"அரிசிதான மேடம். கல்லா என்ன? புகையாப் போயிடும். ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஓடினா உங்களுது. ஓடலைன்னா என்னுது. அஞ்சு நிமிஷ வேலை."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினால் போதும். எல்லாம் இறுக்கி முடித்தாயிற்று. அடியில் இருக்கும் அந்த நட்டு உட்பட. முழங்கையில் அது கீறிய இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"மதியம்னா மதியம்," என்றாள் இந்திராணி. "அதுவரைக்கும் வண்டி என்னுது."

ஸ்பேனரை எடுத்தாள். மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றத் தொடங்கினாள்.

கபாடிக்காரர் டெம்போவின் படியில் உட்கார்ந்தார். "மேடம், ஒரு டம்ளர் சாய் கிடைக்குமா?" என்று கேட்டார். பூவராகவன் போட்டுக் கொடுத்தார். அவருக்கு அப்போது ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

கழற்றுவது சீக்கிரம் ஆனது. கூட்டைத் தூக்கி விரிப்பில் வைத்தாள். ரப்பர் வளையங்களை நகத்தால் தடவிப் பார்த்தாள். வெட்டோ நசுங்கலோ இல்லை. மறுபடி போடலாம். பிறகு டார்ச்சை முதல் வாய்க்குள் அடித்தாள்.

மூடிய வால்வின் முதுகில் மஞ்சள் அரிசிகள் கிடந்தன. அவற்றோடு ஒரு சாமந்தி இதழ்.

"பூவும் போட்டீங்களா?"

"அட்சதைல கலந்திருக்கும்."

வாக்குவம் கிளீனர் வந்தது. அதன் குழாய் தடிமன். வாய்க்குள் போகவில்லை. இந்திராணி சுற்றிலும் பார்த்தாள். பூவராகவனும் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் தோன்றியது. கொல்லைப்பக்கம் போய், வெயில்கால கூலரைத் திறந்து, தண்ணீர் ஏற்றும் மெல்லிய குழாயை உருவிக்கொண்டு வந்தார். அதை வாக்குவம் முனையில் வைத்து அவரே நீல டேப்பால் சுற்றினார். ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றினார்.

"இதுல நல்லா ஒட்றீங்க," என்றாள்.

அவர் டேப்பின் ஓரத்தை நகத்தால் இன்னொரு முறை அழுத்தினார்.

குழாயை விட்டதும் அரிசி டப் டப்பென்று உள்ளே ஏறியது. முதல் வாய், இரண்டாம் வாய், நான்காம் வாய் சுத்தம். பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது வாயில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வீடியோவில் அதற்குள்ளும் அரிசி விழுந்தது.

"இதுல வால்வு தெறந்திருக்கு," என்றாள். "சிலிண்டருக்குள்ள போயிடுச்சு."

"ச்ச," என்றார் கபாடிக்காரர். எழுந்து வந்திருந்தார். அவருக்கும் இப்போது அது ஒரு வேடிக்கையாக மட்டும் இல்லை. "எஞ்சினைக் கையால கொஞ்சம் சுத்துங்க மேடம். மேல வரும்."

"சுத்தினா வால்வு மூடும். மூடும்போது நடுவுல மாட்டும்."

அவர் யோசித்தார். "ஹான், சரிதான்," என்றார்.

மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். போனில் மாட்டும் குட்டி கேமராவை அந்தத் துளை வழியே இறக்கினாள். ஷ்ரேயா போனைப் பிடித்துக்கொண்டாள். கரி படிந்த பிஸ்டன் தலை திரையில் நிலவுபோல் வந்தது. அதன் ஓரத்தில் அரிசிகள் அமைதியாகக் கிடந்தன.

"கித்னா க்யூட்," என்றாள் ஷ்ரேயா.

"ஆட்டாத."

கேமராவும் குழாயும் சேர்ந்து ஒரு துளையில் போகவில்லை. கேமராவில் இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே எடுத்து, குழாயை இறக்கி, உறிஞ்சி, மறுபடி கேமரா. ஒவ்வொரு முறையும் சில போயின. ஒன்று மட்டும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. எண்ணெயில் ஊறிவிட்டது. குழாயின் முனையைச் சாய்வாக வெட்டினாள். இறக்கினாள். வரவில்லை. மறுபடி வெட்டினாள். மறுபடி இறக்கினாள்.

வெயில் சுவரின் மேல் ஏறிவிட்டது. பக்கத்துப் பூங்காவில் ராவணனை நிமிர்த்துகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கபாடிக்காரரின் போன் அடித்தது. "வர்றேன், வர்றேன், இங்க அரிசி பொறுக்கிட்டிருக்கோம்," என்று சொல்லி வைத்தார்.

"அது ஒண்ணுதான," என்றார் பூவராகவன். "இந்திரா, ஒண்ணே ஒண்ணுதான."

அவள் குழாயின் முனையில் கிரீஸைத் தொட்டுத் தடவினாள். வாக்குவத்தை நிறுத்திவிட்டு, வெறும் குழாயை இறக்கி, அரிசி இருந்த பக்கம் அழுத்தி, ஒரு மூச்சு பொறுத்து, சுழற்றாமல் மேலே எடுத்தாள்.

முனையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

கேமராவை விட்டுப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஷ்ரேயாவைப் பார்க்கச் சொன்னாள். பூவராகவனைப் பார்க்கச் சொன்னாள். கபாடிக்காரர் தானாகவே பார்த்தார். ஒன்றும் இல்லை. நான்கு வாய்களையும் டார்ச் அடித்து மறுபடி பார்த்தாள். இந்த முறை டேப் ஒட்டவில்லை. நேராகக் கூட்டைத் தூக்கினாள்.

முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. அந்தக் கோணம் இப்போது கைக்குத் தெரிந்திருந்தது. அடி நட்டு மட்டும் பழிவாங்கியது. விரல் வியர்வையில் வழுக்கியது. நட்டு கீழே விழுந்து எங்கோ உருண்டது. வண்டிக்கு அடியில் படுத்துத் தேடி எடுத்தாள். மறுபடி கையை நுழைத்தாள். மறுபடி விழுந்தது. கீறல் இருந்த இடத்திலேயே மறுபடி கீறியது. கையை வெளியே எடுத்து, விரல்களைத் துப்பட்டாவில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நட்டின் பின்புறம் கொஞ்சம் கிரீஸ் வைத்து விரலில் ஒட்டினாள். கண்ணை மூடினாள். பிடித்தது.

நடுவிலிருந்து ஓரத்துக்கு. டக். டக். ஸ்பார்க் பிளக், ஒயர்கள், குழாய்கள். ஒவ்வொரு கிளிப்பையும் இழுத்துப் பார்த்தாள். கடைசியாகப் பேட்டரி.

"எலுமிச்சம்பழம் வைக்கவா?" என்று கேட்டார் பூவராகவன்.

"வைங்க. டயருக்கு அடியில மட்டும்."

அவர் சக்கரங்களுக்கு முன்னால் குனிந்து வைத்தார். வைத்தது அசையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். இந்திராணி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை. நிறுத்தினாள். பெட்ரோல் ஏறட்டும் என்று காத்தாள். மறுபடி. இருமியது, உதறியது, அணைந்தது. கபாடிக்காரர் சங்கிலியைப் பார்த்தார். பூவராகவன் தரையைப் பார்த்தார். மூன்றாவது முறை பற்றிக்கொண்டது. எஞ்சின் வேகம் காட்டும் முள் ஏறியது. இறங்கியது. இன்னும் இறங்கியது. இந்திராணி ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கவில்லை. இப்போது காலை வைத்து வேகத்தை ஏற்றிவிட்டால், தானாக நின்று ஓடுகிறதா என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

இறங்கிப்போய், மேனிஃபோல்ட் சேரும் இடத்தைச் சுற்றி ஸ்ப்ரே அடித்தாள். கசிவு இருந்தால் எஞ்சினின் சத்தம் மாறும். மாறவில்லை. ஒவ்வொரு வாயாக அடித்தாள். அதே சத்தம். தாழ்ந்த, சீரான, ஒரே சத்தம்.

பானெட்டை மூடினாள். கை கழுவினாள். துணிப்பை ஏற்கெனவே டிக்கியில் இருந்தது. ஸ்பேனர் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆக்ரா தாண்டி எங்கயாவது தங்கு," என்றார் பூவராகவன். "ராத்திரில ஓட்டாத."

"சரிங்க."

"நான் வேற எங்கயும் போடல. சத்தியமா."

"தெரியும். வீடியோ பாத்தேன்." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "நீங்க சொன்னதும் கேட்டுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷ்ரேயா ஜன்னல் வழியே குனிந்து அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கிரீஸ் அவள் மூக்கில் ஒட்டியது.

இந்திராணி கியரைப் போட்டாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி சுவரோரத்திலிருந்து விலகிச் சந்துக்குள் திரும்பியது. சந்தின் வாயில் டெம்போ குறுக்கே நின்றது. கபாடிக்காரர் படியில் உட்கார்ந்து, காலி டம்ளரை வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"பையா, டெம்போவைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கறீங்களா?"